மெட்டாலிகாவும் வெல்டிங் பட்டறையும்

2023-ம் வருட ஆரம்பத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், என் வீட்டு ஹாலில் ஒரு சண்டை. ஒருவன் என் அக்கா மகன். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை, வயது 36. இன்னொருவன் அவனோடு பத்தாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்த சிநேகிதன். அம்பத்தூர் பக்கம் கிரில், கேட் செய்கிற வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். இருவருக்கும் இன்றைக்குப் பொதுவாக மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்றுதான். மெட்டாலிகா.

உங்களில் பாதிப் பேர் இந்தப் பெயரை டி-ஷர்ட்டில் மட்டும் பார்த்திருப்பீர்கள். மீதிப் பேர் 'நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்' என்ற ஒரு மெதுவான பாட்டை மட்டும் கேட்டுவிட்டு, எல்லாம் இப்படித்தான் இருக்கும் என்று நம்பி அடுத்ததைப் போட்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் திட்டு வாங்கியிருப்பீர்கள். 1981-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் லார்ஸ் உல்ரிக் என்கிற டிரம்ஸ்காரரும் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் என்கிற கிட்டார்காரரும் சேர்ந்து ஆரம்பித்த குழு. வேகம், சத்தம், கோபம். ஆரம்ப வருடங்களில் ரேடியோக்காரர்கள் அவ்வளவாக எட்டிப் பார்க்கவில்லை. 1991-ல் வந்த கறுப்பு அட்டை ஆல்பத்துக்குப் பிறகு உலகம் மொத்தமும் பார்த்தது.

நம் சண்டைக்கு வருவோம். அந்த வருடம் ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாமில் மெட்டாலிகாவின் 'எம்72' சுற்றுப்பயணம் தொடங்குவதாக இருந்தது. அக்கா மகன் போகப்போகிறேன் என்றான். விமானம், விசா, லாட்ஜ், டிக்கெட் எல்லாம் சேர்த்து மூன்று லட்சத்தைத் தொடும். "ஏண்டா இவ்வளவு?" என்றேன். "மாமா, டிக்கெட் காசுல ஒரு பங்கு அவங்க அறக்கட்டளைக்குப் போகுது. ஏழைப் பசங்க படிப்புக்கு, சாப்பாட்டுக்கு. நான் ஜாலிக்கு மட்டும் போகல."

சிநேகிதன் சிரித்தான். "அப்படின்னா அந்த மூணு லட்சத்தை இங்கேயே நாலு பசங்களுக்கு ஃபீஸ் கட்டுடா. பாட்டு நான் போன்ல போட்டுக் காட்டறேன்."

பிறகு குரல்கள் உயர்ந்தன. என் மனைவி காபி கொண்டுவந்து வைத்தும் பயனில்லை. இவன் பத்து வருடத்துக்கு முந்தைய கடன் பாக்கியை இழுக்க, அவன் 2011 பெங்களூர் கச்சேரிக்கு யார் டிக்கெட் வாங்கியது என்று கேட்க... விடுங்கள். கடைசியில் இருவரும் என் பக்கம் திரும்பி, "நீங்களே சொல்லுங்க" என்றார்கள். அன்றைக்கு நான் மழுப்பிவிட்டேன். இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

முதலில் அந்த அறக்கட்டளை. 2017-ல் ஆரம்பித்தார்கள். பெயர் 'ஆல் விதின் மை ஹேண்ட்ஸ்'. எல்லாம் என் கைக்குள் என்று பொருள். ரசிகர்களுக்கு இந்தப் பெயரே ஒரு விசித்திரம். காரணம், அது 2003-ல் வந்த 'செயின்ட் ஆங்கர்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டு. மெட்டாலிகா ரசிகர்கள் எதிலும் ஒத்துப்போக மாட்டார்கள், இந்த ஆல்பம் மோசம் என்பதில் மட்டும் கிட்டத்தட்ட ஒற்றுமை. கிட்டார் சோலோ ஒன்றுகூடக் கிடையாது. ஸ்நேர் டிரம் சத்தம் காலி எண்ணெய் டின்னைத் தட்டினாற்போல் இருக்கும். ஹெட்ஃபீல்ட் குடிப்பழக்கத்துக்கு சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், குழுவே உடைந்துவிடும் என்ற நிலைமையில் செய்த ஆல்பம் அது. அந்தக் கடைசிப் பாட்டு எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும். நேசிக்கிறேன் என்ற பெயரில் அடுத்தவரின் கழுத்தை நெரிக்கிற ஒருவனின் பாட்டு. முடிவில் வெறும் கத்தல்தான். முதல் முறை கேட்டபோது பாதியில் நிறுத்திவிட்டேன்.

இந்தப் பாட்டின் பெயரையா தர்ம காரியத்துக்கு வைப்பது? பிள்ளையார் கோயிலுக்கு எமதர்மன் அன்னதானக் கூடம் என்று பெயர் வைத்த மாதிரி இருந்தது எனக்கு.

பிறகு 2018 நவம்பரில் சான்ஃபிரான்சிஸ்கோவில் அறக்கட்டளைக்காக ஒரு கச்சேரி செய்தார்கள். மின்சார கிட்டாரை மூட்டை கட்டி வைத்துவிட்டு, சாதா கிட்டாரோடு உட்கார்ந்து வாசித்த கச்சேரி. அதில் இந்தப் பாட்டும் உண்டு. கேட்டுப் பாருங்கள். அதே வரிகள்தான், வேகம் பாதி. கத்தல் போய்விட்டது. தொண்டையைப் பிடித்த கை மெல்ல விரிகிறது. 2019 செப்டம்பரில் சான்ஃபிரான்சிஸ்கோ சிம்ஃபனியோடு வாசித்தபோதும் இந்த மெதுவான வடிவம்தான். நாற்பது வயதில் எழுதிய கோபத்தை ஐம்பத்தைந்து வயதில் ஒரு மனுஷன் வேறு குரலில் பாடுகிறான். அவர்களுடைய பிற்காலப் பாட்டுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். சொன்னால் அக்கா மகன் அடிக்க வருவான்.

சரி, பெயர் நன்றாக இருந்தால் போதுமா, பணம் எங்கே போகிறது என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும். ராக் இசைக்காரர்களின் தர்மத்தில் எப்போதுமே சிக்கலான இடம் அது. 1971 ஆகஸ்ட் 1-ம் தேதி நியூயார்க்கில் ஜார்ஜ் ஹாரிசனும் நம் ரவிசங்கரும் பங்களாதேஷ் அகதிகளுக்காகக் கச்சேரி செய்தார்கள். இந்த வகைக் கச்சேரிகளுக்கெல்லாம் தாய்க் கச்சேரி அது. அவர்கள் மனசில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் வரிவிலக்குக் காகிதத்தை முன்கூட்டியே சரியாகச் செய்யாமல் விட்டதில், படத்திலும் இசைத்தட்டிலும் வந்த பணத்தில் பெரும்பகுதி வருடக்கணக்கில் அமெரிக்க வரித்துறையில் மாட்டிக்கொண்டு நின்றது. பசித்தவன் காத்திருப்பானா?

மெட்டாலிகா அறக்கட்டளை செய்கிற காரியங்கள் அந்தக் கச்சேரியோடு பார்த்தால் ரொம்ப சலிப்பானவை. அதனால்தான் எனக்குப் பிடிக்கிறது. நிர்வாகச் செலவைக் குழுவும் அவர்களைச் சேர்ந்தவர்களும் ஏற்றுக்கொள்கிறார்கள், ரசிகர் கொடுக்கிற டாலர் முழுசாகப் போகிறது என்கிறார்கள். எங்கே போகிறது? உணவு வங்கிக்கு. அங்கெல்லாம் விற்காமல் மிஞ்சுகிற உணவையும் நன்கொடையாக வருகிற உணவையும் சேகரித்து, இல்லாதவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற கிடங்குகள் ஊருக்கு ஊர் உண்டு. கச்சேரிக்குப் போகிற ஊரில் இருக்கிற இப்படிப்பட்ட ஒரு அமைப்புக்குப் பணம் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போகிறார்கள். 2018 மே மாதம் ரசிகர்களையே கூப்பிட்டு, வாருங்கள், ஒரு நாள் வந்து மூட்டை கட்டுங்கள் என்றார்கள். மண்டையோட்டு டி-ஷர்ட், கை முழுக்கப் பச்சை, இடுப்பு வரை முடி என்று திரிகிற ஆட்கள் வரிசையில் நின்று காய்கறியும் டப்பா உணவும் பொட்டலம் கட்டினார்கள். இதில் டி.வி.யில் காட்ட என்ன இருக்கிறது? மேடையில் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விட்டால் படம் நன்றாக வரும்.

அடுத்தது படிப்பு. 2019-ல் அமெரிக்காவில் 10 கம்யூனிட்டி கல்லூரிகளுக்குத் தலைக்கு ஒரு லட்சம் டாலர் கொடுத்தார்கள். கம்யூனிட்டி கல்லூரி என்றால் கிட்டத்தட்ட நம் ஐ.டி.ஐ.யையும் பாலிடெக்னிக்கையும் கலந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பணம் கவிதை எழுதவோ கிட்டார் கற்கவோ அல்ல. வெல்டிங், மெஷின் வேலை மாதிரியான கைத்தொழில்களுக்கு. பிறகு ஒவ்வொரு வருடமும் கல்லூரிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனார்கள். படிக்கிற பிள்ளைகளுக்கு 'மெட்டாலிகா ஸ்காலர்' என்று பெயர். சான்றிதழில் மெட்டாலிகா என்று போட்டுக்கொண்டு லேத் பட்டறையில் வேலை கேட்கப் போவதைக் கற்பனை செய்து பாருங்கள்!

ஹெட்ஃபீல்டின் அப்பா லாரித் தொழிலில் இருந்தவர். இந்தக் குழுவின் ஆரம்ப கால ரசிகர்களும் அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள்தான். யாருக்குப் பாடினார்களோ அவர்களுக்குக் கொடுக்கிறார்கள்.

இந்த இடத்தில் புகாரெஸ்ட் கதையைச் சொல்ல வேண்டும். ருமேனியாவின் தலைநகரம். புற்றுநோய் வந்த குழந்தைகளுக்காக ஒரு தொண்டு அமைப்பு, அரசாங்கத்துக்காகக் காத்திராமல், மக்களிடம் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து ஆஸ்பத்திரி கட்டிக்கொண்டிருந்தது. 2019 ஆகஸ்டில் கச்சேரிக்கு வந்த மெட்டாலிகா அதற்கு 2,50,000 யூரோ கொடுத்தது. கொடுத்தார்கள், வாசித்தார்கள், கிளம்பினார்கள்.

இதில் பேச என்ன இருக்கிறது என்கிறீர்களா? ஹெட்ஃபீல்டின் பெற்றோர் 'கிறிஸ்டியன் சயன்ஸ்' என்ற பிரிவைச் சேர்ந்தவர்கள். பிரார்த்தனையே மருந்து, டாக்டரிடம் போகக் கூடாது என்ற நம்பிக்கை. அவருக்கு 13 வயதில் அப்பா வீட்டை விட்டுப் போனார். 16 வயதில் அம்மா புற்றுநோயில் இறந்துபோனார், வைத்தியம் இல்லாமலே. அந்தப் பையன் பிற்பாடு 'தி காட் தட் ஃபெய்ல்ட்' என்று ஒரு பாட்டு எழுதினான். கறுப்பு ஆல்பத்தில் இருக்கிறது. தோற்றுப்போன கடவுளைப் பற்றிய பாட்டு. அப்புறம் புகாரெஸ்ட். இரண்டையும் நான் முடிச்சுப் போடவில்லை. அவர் போட்டாரா என்பதும் என் வேலை இல்லை. ஆனால் அந்தப் பாட்டை இப்போது கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆஸ்பத்திரி ஞாபகம் வந்துவிடுகிறது.

தர்மம் செய்கிற எல்லாமே நல்ல இசையாகிவிடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2021-ல் கறுப்பு ஆல்பத்தின் 30-ம் ஆண்டுக்கு 53 கலைஞர்களை அழைத்து அதே பாட்டுகளைப் பாடவைத்து 'பிளாக்லிஸ்ட்' என்று வெளியிட்டார்கள். வருமானத்தில் ஒரு பங்கு மெட்டாலிகா அறக்கட்டளைக்கு, மறு பங்கு பாடியவர் சொல்கிற தர்ம காரியத்துக்கு. நம் விஷால் தத்லானியும் டிவைனும்கூட இருக்கிறார்கள். ஏற்பாடு பிரமாதம். கேட்பதற்கு? 'நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்' பாட்டே பத்துக்கும் மேற்பட்ட முறை திரும்பத் திரும்ப வருகிறது. ஐந்தாவது முறை வந்தபோது நான் எழுந்து துணி காயப்போடப் போய்விட்டேன். நல்ல காரியத்துக்கு என்பதற்காகக் காது விலக்குக் கொடுக்காது.

இப்போது கசப்பான பக்கம். இதைச் சொல்லாவிட்டால் என் அக்கா மகனுக்கு வக்காலத்து வாங்கினவன் ஆவேன்.

'எம்72' பயணத்தின் திட்டம் 2023-ல் இப்படி இருந்தது. ஒவ்வொரு ஊரிலும் இரண்டு இரவு. முதல் இரவில் வாசித்த ஒரு பாட்டுகூட இரண்டாவது இரவில் வராது. வளையம் போன்ற மேடை மைதானத்தின் நடுவில், அந்த வளையத்துக்குள்ளும் ரசிகர்கள். லார்ஸ் உல்ரிக்குக்கு நாலு பக்கமும் நாலு டிரம்ஸ் செட், எந்தப் பக்கத்து ரசிகனுக்கும் முதுகை மட்டும் காட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்று. இசை ரீதியாகப் பார்த்தால் இது கம்பீரமான யோசனை. அறுபது வயதை எட்டிய நான்கு பேர், ஒரே பட்டியலை ஊர் ஊராக வாசித்துக் காசு பார்க்காமல், இரண்டு முழுக் கச்சேரிகளைத் தயார் செய்துகொண்டு வருகிறார்கள். இந்த வயதில் எத்தனை பேர் செய்வார்கள்?

ஆனால் ரசிகனின் பக்கமிருந்து பாருங்கள். 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' ஒரு இரவு, 'என்டர் சாண்ட்மேன்' மறு இரவு. இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு டிக்கெட். இரண்டு இரவுக்கும் நடுவில் ஒரு நாள் இடைவெளி. ஆக மூன்று நாள் லாட்ஜ், மூன்று நாள் சாப்பாடு, மூன்று நாள் லீவு. டிக்கெட்டை முதலில் இரண்டு நாளுக்கும் சேர்த்துத்தான் விற்றார்கள். ஒரு நாள் டிக்கெட் பிறகுதான் வந்தது. 16 வயதுக்குக் கீழே சலுகை உண்டு என்றார்கள், அதுவரை சந்தோஷம். வெல்டிங் படிக்கிற 19 வயசுப் பையனுக்கு? அவனுக்குப் படிப்பதற்கு உதவித்தொகை கொடுக்கிற குழு, தன் கச்சேரியை அவன் எட்டாத உயரத்தில் வைத்திருக்கிறது. முன்பு இந்தப் பையன்கள்தான் மேடைக்கு முன்னால் நின்று கழுத்து சுளுக்க ஆடினார்கள்.

இன்னொன்று. பயணம் முழுக்க எந்த ஊருக்கும் போகிற மாதிரி ஒரு பாஸ் விற்றார்கள். அதன் பெயர் 'ஐ டிஸப்பியர்'. அது அவர்களுடைய பழைய பாட்டின் பெயர். எந்தப் பாட்டு தெரியுமா? 2000-ல் வெளிவருவதற்கு முன்பே நாப்ஸ்டரில் திருட்டுத்தனமாகச் சுற்ற ஆரம்பித்து, மெட்டாலிகாவைக் கோர்ட்டுக்குப் போகவைத்த அதே பாட்டு. அப்போது லார்ஸ் உல்ரிக் 3,35,435 பேருடைய பட்டியலைப் பெட்டி பெட்டியாக அச்சடித்து, நாப்ஸ்டர் அலுவலக வாசலில் கொண்டுபோய் இறக்கினார். அத்தனையும் அவருடைய சொந்த ரசிகர்களின் பெயர்கள். 1982-ல் இந்தக் குழுவின் டெமோ கேசட்டை ஒருவருக்கொருவர் பிரதி எடுத்துத் தபாலில் அனுப்பித்தான் உலகம் முழுக்கப் பரப்பினார்கள் ரசிகர்கள். அந்த நன்றியை மறந்தாயே என்று அன்று பிடித்த கோபம் பலருக்கு இன்னும் தணியவில்லை. சட்டப்படி லார்ஸ் சொன்னது தப்பில்லை என்று இப்போது தோன்றுகிறது. பாட்டை இலவசமாக அள்ளியதன் விளைவுதானே, இசைக்காரர்கள் எல்லோரும் கச்சேரி டிக்கெட்டை நம்பிப் பிழைக்கவேண்டி வந்தது? அதற்காக அந்தப் பாட்டின் பெயரையே எடுத்துப் பாஸுக்கு வைப்பதா! குசும்பா, மறதியா, தெரியவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, சுருக்கென்றும் இருந்தது.

ஆக, என் தீர்ப்பு. டிக்கெட் டிக்கெட்தான். அதில் ஒரு பங்கு தர்மத்துக்குப் போகிறது என்றால் அந்தப் புண்ணியம் கொடுக்கிற குழுவுக்கு. வாங்குகிறவன் கணக்கில் அதை எழுதிக்கொள்ளக் கூடாது. மாப்பிள்ளை, நீ போவது கிட்டார் கேட்க. அது ஒன்றும் கேவலமான காரணம் இல்லை. மூன்று லட்சம் உன் சம்பாத்தியம், போய்க் கேள். ஏழைப் பிள்ளையைத் துணைக்கு இழுக்காதே. சிநேகிதனுக்கும் ஒரு வார்த்தை: கச்சேரிக்குப் போகிற காசெல்லாம் ஃபீஸுக்குப் போகவேண்டுமென்றால், 2011-ல் நீயும் பெங்களூருக்குப் போயிருக்கக் கூடாது.

அந்தப் பயணத்தை இருவரும் இன்னும் மறக்கவில்லை. 2011 அக்டோபர் 28-ம் தேதி குர்கானில் நடக்கவேண்டிய கச்சேரி பாதுகாப்புக் குளறுபடியால் நின்று, அங்கே கூட்டம் மேடையை உடைத்தது. இங்கே ரயில் ஏறிவிட்ட இவர்களுக்கு பெங்களூரிலாவது நடக்குமா என்று தெரியாது. 30-ம் தேதி நடந்தது. பட்டறைக்காரன் அப்போது இன்னொருவரிடம் வேலைக்கு இருந்தான். டிக்கெட்டுக்காக ஒரு மாதம் ஓவர்டைம் பார்த்ததாகச் சொன்னான். 2023 பயணத்துக்குப் போட்ட பட்டியலில் இந்தியா இல்லை. "இங்க வந்தா நான் போகாம இருப்பேனா அங்கிள்?" என்று அன்றைக்கு மெதுவாகக் கேட்டான். சண்டையின் உண்மையான காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். குழுவின் பழைய பேஸ் கிட்டார்காரர் கிளிஃப் பர்ட்டன். 1986 செப்டம்பர் 27, ஸ்வீடனில் சுற்றுப்பயணத்தின்போது பஸ் கவிழ்ந்து இறந்துபோனார். வயது 24. மகனின் பாட்டுகளுக்கு வந்துகொண்டே இருந்த ராயல்டியை அவருடைய அப்பா ரே பர்ட்டன் தனக்கு வைத்துக்கொள்ளவில்லை. கிளிஃப் படித்த காஸ்ட்ரோ வேலி பள்ளியில், இசையில் ஆர்வமுள்ள பிள்ளைகளின் உதவித்தொகைக்குக் கொடுத்துவந்தார். அறக்கட்டளை, பெயர்ப் பலகை, டி-ஷர்ட் எதுவும் கிடையாது. 2017-ல் ஒரு பேட்டியில் அவர் சொன்ன பிறகுதான் ரசிகர்கள் பலருக்கே விஷயம் தெரிந்தது. 2020 ஜனவரியில், 94 வயதில் காலமானார்.

அக்கா மகன் ஆம்ஸ்டர்டாம் போய்விட்டு வந்தான். இரண்டு இரவும் பார்த்தானாம். குரல் போய், ஒரு வாரம் சைகையில் பேசினான். திரும்பி வந்த மறுநாளே சிநேகிதனைப் பார்க்க அம்பத்தூருக்குப் போனான். பட்டறையில் ஒரு பையன் கேட்டுக்கு ராடு அறுத்துக்கொண்டிருந்ததில் இவன் தொண்டையிலிருந்து வந்தது எதுவும் அவன் காதில் விழவில்லையாம். மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "மொத நைட்ல இருந்து வரிசையா சொல்லு" என்றானாம்.